பதினேழுதான் சார்

எங்கள் தெருவில் யார் வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது என்று தெரிய வேண்டுமானால், குருசுக்குப்பத்துக்குத் திரும்பும் முனையில் பூவரச மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருந்த அக்காவைக் கேட்டால் போதும். எல்லா யூனிபார்மும் அவள் பெட்டிக்குக் கீழேதானே போய் வரும். டை கட்டுகிற வீடு எது, கோட்டுப் போடுகிற வீடு எது, பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வீடு எது, எல்லாம் சொல்லுவாள்.

அரசு தொடக்கப் பள்ளியின் கட்டம் போட்ட சட்டைகளை மட்டும் தனி மூட்டையாகக் கட்டி வைத்திருப்பாள்.

"முன்னல்லாம் இந்த மூட்டைய ஒரு கையால தூக்க முடியாது தங்கச்சி. இப்ப பாரு. ஒம்போது சட்ட. கைக்குட்ட கணக்கா இருக்குது" என்று ஒரு நாள் என்னிடம் தூக்கிக் காட்டினாள்.

என் மகளும் டை கட்டுகிற பிள்ளைதான் அப்போது. இரண்டாம் வகுப்பு. வீட்டு வாசலுக்கே வேன் வரும்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். வீட்டுக்காரருக்கு மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் வேலை. செவ்வாய், வெள்ளி மாரியம்மன் கோயிலுக்குப் போவேன், விளக்குப் போடுவேன். அம்மா பார்த்துக்கொள்வாள் என்று இருப்பவள். அந்த அக்கா அப்படி இல்லை. பார்த்தால்தான் எதையும் ஒப்புக்கொள்வாள். பார்த்துவிட்டாளோ, யார் முன்னால் என்றாலும் சொல்லிவிடுவாள். அவளைப் பற்றி நான் வேறு எது எழுதினாலும் அது இந்த ஒன்றில்தான் வந்து நிற்கும். எத்தனை முறை அவளால் எனக்குப் பகீர் என்று ஆகியிருக்கிறது!

முதல் முறை என் மகளால். துணி வாங்கப் போனபோது, சட்டை சுற்றித் தருகிற பழைய பேப்பரை மகள் முன்னால் விரித்து, "கண்ணு, இந்தப் பெரிய எழுத்து இன்னான்னு படி" என்றாள். கீழே மழைத் தண்ணீர் நிற்கிற தெருவின் படம் இருந்தது.

"ரோடு" என்றாள் மகள்.

"படத்த படிக்காத கண்ணு. எழுத்த படி."

மகள் என் புடவைக்குப் பின்னால் போய்விட்டாள். எனக்கு முகம் எரிந்தது. "அவங்க ஸ்கூல்ல இங்கிலீசுதான்க்கா" என்றேன்.

"அப்ப இங்கிலீசு படிக்கும்ல? பாத்தியா நீ?"

இவளுக்கு ஏன் இந்த வேலை என்று திட்டிக்கொண்டே வந்தேன். ஆனாலும் அன்று விளக்கு வைத்த பிறகு மகளை உட்காரவைத்து இங்கிலீஷ் புத்தகத்தைப் பிரித்தேன். கடகடவென்று சொன்னாள். மனசு குளிர்ந்தது. எதற்கோ, பக்கத்தின் மேல் கையை வைத்து மூடினேன். அவள் நிறுத்தவே இல்லை. மூடின பக்கத்தைக் கடைசி வரி வரைக்கும் சொல்லி முடித்துவிட்டு, "கரெக்டாம்மா?" என்று கேட்டாள்.

மாரியாத்தா! அத்தனையும் மனப்பாடம்.

அப்புறம் அக்கா என்னை அந்த அரசுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "நான் சொல்றேன்னு நம்பாத. வந்து குந்திப் பாரு" என்றாள். ஒரு காலை முழுதும் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கூரை ஒழுகின கறை சுவரில் இருந்தது. கக்கூசுக்குக் கதவு இல்லை. ஆனால் மூன்றாவது படிக்கிற மீனவர் வீட்டுப் பெண் ஒன்று, ஒன்றாவது பிள்ளைக்குப் பாடம் வாசித்துக் காட்டியது. ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரல் வைத்து வாசித்தது. டீச்சரம்மா பக்கத்தில் நின்று திருத்தினார். அந்த ஜூனில் மகளை அங்கே சேர்த்துவிட்டேன். வேன் போகிற நேரத்துக்கு எதிர்வீட்டுக்காரர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். போகட்டும்.

சேர்த்த கொஞ்ச நாளிலேயே டீச்சரம்மா எங்களை எல்லாம் கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த கணக்கெடுப்புக்குள் இருபது பிள்ளை இல்லாவிட்டால், பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோடு சேர்த்துவிடுவார்களாம். இங்கே பூட்டுத்தான். எங்களிடம் இருந்தது பத்து.

அன்றிலிருந்து அக்கா மத்தியானத்தில் பெட்டிக்குக் கரி போடுவதை விட்டுவிட்டாள். அந்த நேரம் வீடு வீடாகப் போவாள். நாங்கள் நாலைந்து பேர் கூடப் போவோம். அவள் யாரையும் கெஞ்சியதில்லை. "நாளைக்கி ஒம்போதுக்கு வா. வந்து பாரு. புடிக்கலன்னா போ" என்பாள். அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீடு உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர். பேரப் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். அங்கேயும் நுழைந்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் வீட்டம்மா, "எங்க பசங்கள ஏன்டி கேக்கற? எங்களுக்கும் உங்க ஸ்கூலுக்கும் இன்னா சம்பந்தம்?" என்றார்.

அக்கா அவரை விட்டுவிட்டுப் பெரியவரைக் கேட்டாள். "மொசியே, உங்க பிரான்சுல புள்ளைங்க எங்க படிக்குது?"

"அங்கயா? முக்காவாசி சர்க்கார் ஸ்கூல்தான். எங்க ஆபீசர் புள்ளையும் கறிக்கடக்காரன் புள்ளையும் ஒரே பெஞ்சி."

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"நான் பாக்காம? எம்புள்ளையே அங்கதான படிச்சான்."

"அப்ப கெளம்புங்க. இத நாலு வீட்ல வந்து சொல்லுங்க. நான் சொன்னா இஸ்திரிக்காரி சொல்றான்னு சிரிக்கிறாங்க."

அவர் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வீட்டம்மா, "அய்யோ, இந்த வெயில்ல ப்ரெஷர் ஏறிடப் போவுது" என்று கத்திக்கொண்டே குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். அன்றைக்கு மூன்று பிள்ளை சேர்ந்தது.

ஆனால் மாரியம்மன் கோயிலில் அவள் செய்ததை நான் ஜீரணிக்க ரொம்ப நாள் ஆனது. சேர்க்கிறோம் என்று வாய்ச்சொல் கொடுத்தவர்கள் பின்வாங்குகிறார்களே என்று, நான்தான் யோசனை சொன்னேன். கோயிலில் சூடம் ஏற்றி எல்லோரும் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் யாரும் மாறமாட்டார்கள். பெண்கள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். தட்டில் சூடம் எரிகிறது. மீன் விற்கிற அத்தைதான் முதலில். அவளுடைய பேரன் பேச்சளவில் எங்கள் கணக்கில் இருந்தான். அத்தை கையை ஓங்குகிறாள். அக்கா பின்னாலிருந்து வந்தாள், "ஆத்தா, என்னை மன்னிச்சுக்க" என்று சொல்லிவிட்டு, தன் கையாலேயே சூடத்தைப் பொத்தி அணைத்தாள்.

சாமி முன்னால்!

"இன்னாடி பண்ண?" என்று அத்தை பாய்ந்தாள்.

"பயந்துட்டு சேப்பீங்க அத்த. பயந்து வந்தவ ரெண்டே மாசத்துல பரிகாரம் பண்ணிட்டுப் போயிடுவா. பேரன இட்டுனு ஸ்கூலுக்கு வா. ஒரு மணி நேரம் குந்து. அப்புறம் மனசு இருந்தா சேரு."

"நான் மீன் விக்கப் போவணும்டி. குந்திட்டிருந்தா என் மீன நீ விக்கிறியா?"

"விக்கிறேன். குடு கூடைய."

சொன்னபடியே அடுத்த நாள் அந்தக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். மூன்று தெரு சுற்றி, தெரியாமல் வஞ்சிரத்தை மலிவான சூரை என்று சொல்லி விற்றுவிட்டு வந்தாள். அத்தை தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். பேரனைச் சேர்த்தாள். நான் மட்டும் மூன்று வெள்ளிக்கிழமை அம்மனிடம் அக்காவுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். சூடத்தைப் பொத்தின கை வெந்துபோயிருக்குமே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இஸ்திரிப் பெட்டி பிடிக்கிற கைதானே என்று நினைத்திருப்பேன்.

இப்படி ஒவ்வொன்றாகப் பதினேழு ஆனது. அதற்கு மேல் நகரவில்லை. கணக்கெடுக்க அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. நான்கு நாள்தான் இருந்தது. மூன்று பிள்ளை குறைகிறது.

இனி எழுதுவதை எழுத எனக்குக் கை கூசுகிறது. எழுதத்தான் வேண்டும்.

அக்காவை விட்டுவிட்டு நாங்கள் வாட்ஸாப்பில் தனியாக ஒரு குழு ஆரம்பித்தோம். அவளிடம் பட்டன் போன்தான், அதனால் தெரிய வழியில்லை. அந்த ஒரு நாளைக்கு மட்டும் வெளியூர்ப் பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்காரவைப்பது என்று பேசி முடித்தோம். அரியாங்குப்பத்தில் இருக்கிற என் தங்கையின் பிள்ளைகள் இரண்டு பேர். மற்றவர்கள் நாலு பேரைக் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். மூன்று போதும், ஆறாக இருந்தால் பலம் என்று நினைத்தோம். டீச்சரம்மாவிடம் போய்ச் சொன்னோம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பேரைக் குடுத்துட்டுப் போங்க" என்றார். அவர் நல்லவர். அந்தப் பள்ளிக்கூடம் மூடக்கூடாது என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பே இல்லை. எங்களுக்கும் அதேதான்.

ஆறு செட் யூனிபார்ம் புதிதாக வாங்கினோம். இஸ்திரி போட்டுவிடலாம் என்று ஒருத்தி சொன்னாள். நான்தான் தடுத்தேன். "வேணாம். அவகிட்ட குடுத்தா மோப்பம் புடிச்சிடுவா. கடையில இருந்து வந்தபடியே போடட்டும்."

அன்று காலை கோயிலில் பொங்கல் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அதிகாரி வந்தார். நல்ல மாதிரியாகப் பேசினார். பிள்ளைகளை எழுப்பி நிற்கவைத்து எண்ணினார். இருபத்துமூன்று. "பரவாயில்லயே, ஒரே வருஷத்துல இவ்ளோ ஏறிடுச்சே" என்று டீச்சரம்மாவைப் பார்த்துச் சொன்னார். பேனாவைத் திறந்தார். நான் மனசுக்குள் அம்மனைக் கும்பிட்டேன்.

அப்போதுதான் அக்கா உள்ளே வந்தாள். வண்டியைச் சாத்திவிட்டு வர நேரமாகிவிட்டது போல. புது முகங்களைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் சந்தோஷப்பட்டாள். கடைசி நேரத்தில் பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருக்கிறாள். வரிசையாகத் தலையைத் தடவிக்கொண்டே வந்தவள், என் தங்கை மகன் முன்னால் நின்றாள். நெஞ்சுக்குக் குறுக்கே கடை மடிப்பு அப்படியே பலகை மாதிரி நின்றது. அதை விரலால் நீவினாள். அடுத்த பிள்ளையைப் பார்த்தாள். அதற்கும் அதே மடிப்பு. ஆறு சட்டையிலும்.

"உங்க வீடு எங்க கண்ணு?"

"அரியாங்குப்பம்" என்றான் அவன். அதிகாரி பக்கத்தில் இருக்கிறாரே என்று சத்தமாகவே சொன்னான். பெரியவர்கள் கேட்டால் சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நான்தான் சொல்லிக் கூட்டி வந்திருந்தேன்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பேசாம இரு, ஆத்தா, இவ வாயக் கட்டு என்று வேண்டினேன்.

"சார், எழுதாதீங்க. இந்த ஆறும் எங்க புள்ளைங்க இல்ல. பதினேழுதான் சார்."

டீச்சரம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி பேனாவை நிறுத்தினார். "ஏம்மா, உனக்கு இந்த ஸ்கூல் வேணுமா, வேணாமா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"வேணும் சார்."

"பதினேழுன்னு எழுதினா மூடிடுவாங்க. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"அப்புறம்?"

"இன்னைக்கி இந்த ஆறையும் எழுதிட்டா, நாளைக்கும் வந்தான்னு எழுதணும். தெனம் எழுதணும். எழுதி எழுதிப் பழகிடும். அப்புறம் நெசமா வராத நம்ம புள்ளைக்கும் வந்தான்னுதான் போடுவாங்க. அவன் எங்க போனான்னு ஒருத்தரும் தேடமாட்டாங்க சார்."

அவர் பதினேழு என்று எழுதினார். பொங்கலைத் தொடாமல் போய்விட்டார்.

வாசலில் அத்தை அவள் முடியைப் பிடிக்கப் போனாள். "உன் வாயில மண்ணு விழ! ஊரெல்லாம் சுத்தி சேத்துட்டு நீயே கொள்ளி வெச்சியேடி!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே எல்லோரும் தேய்த்தது தேய்க்காதது என்று பார்க்காமல் வண்டியிலிருந்து துணிகளை வாரிக்கொண்டு வந்தோம். நானும்தான். பதினைந்து நாளில் உத்தரவு வந்தது. கேட்டில் பூட்டு தொங்கியது. அம்மன் சன்னதியில் நின்று, அவள் நன்றாக இருக்கக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

பெரிய ரோட்டுப் பள்ளிக்கு மகளை அனுப்பவில்லை. பழையபடி டை பள்ளிக்கூடத்துக்கே போய்விடலாம் என்று இருந்தேன். ஒரு வாரம் போனது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் தற்செயலாகக் கேட்டார்.

"அந்த இஸ்திரி அக்கா புள்ள எங்க கம்பெனியிலதான் லோடு ஏத்தறான், தெரியுமா உனக்கு?"

"அவளுக்குப் புள்ள இருக்கறதே தெரியாது."

"இருவது வயசு இருக்கும். சம்பளச் சீட்டுல அவன் பேரு எங்க இருக்குதுன்னு மாசாமாசம் நான்தான் வெரல் வெச்சிக் காட்டணும். எட்டாவது பாஸாம். சர்டிபிகேட்டு இருக்குது."

மறுநாள் வண்டிக்குப் போனேன். துணி இல்லாமல் பெட்டி ஆறிக்கிடந்தது.

"உன் புள்ளக்கிப் படிக்கத் தெரியாதாக்கா?" என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை.

அவள் பெட்டியின் மூடியைத் திறந்து சாம்பலைக் கிளறினாள்.

"அவனும் அந்த ஸ்கூல்தான். அப்புறம் பெரிய ஸ்கூலு. நான் வண்டிய வுட்டு நவுர முடியாது. தேச்ச சட்ட போட்டு அனுப்பிடுவேன். அவன் கடக்கரையில போட்டுக்குப் பின்னால குந்தியிருப்பான். ஸ்கூல்ல ஆளு கொறஞ்சா பூட்டிடுவாங்கன்னு, தெனம் வந்தான்னு போட்டுட்டாங்க. பாவம், கெட்ட எண்ணத்துல இல்ல. உங்கள மாரிதான், ஸ்கூலக் காப்பாத்தத்தான். ரேங்க் கார்டுல பாத்தா முழு வருகை. நான் அத சாமி படத்துக்குப் பக்கத்துல ஒட்டி வெச்சிருந்தேன் தங்கச்சி."

அவள் அழவில்லை. நான்தான் மரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"மூடிட்டாங்களேக்கா" என்றேன்.

"மூடிட்டாங்க" என்றாள். "நேத்து அங்க போயி கேட்ட புடிச்சிட்டு நின்னேன். சோறு எறங்கல. உன் பொண்ணு ஏன் பெரிய ரோட்டுக்கு வரல? பதினேழுல பதினொண்ணு வந்துடுச்சி. நான்தான் கைய புடிச்சி ரோடு தாண்ட வுடறேன்."

திங்கட்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அத்தையின் பேரன் வரக் கார்த்திகை ஆனது. நான்கு பிள்ளைகள் வரவே இல்லை. அவர்கள் இப்போது எங்கே படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

புதுப் பள்ளிக்கூடத்தில் அவள் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாள். தினமும் காலையில் பேர் கூப்பிடும்போது இரண்டு அம்மாக்கள் டீச்சர் பக்கத்தில் நிற்க வேண்டும். எந்தப் பேருக்குக் குரல் வரவில்லையோ, அந்த வீட்டுக்கு அன்றைக்கே போக வேண்டும். தலைமை ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை. "எங்கள வேவு பாக்கறீங்களா?" என்றார். "உங்கள இல்ல சார், எங்கள" என்றாள் அக்கா. முதல் வாரம் நின்றபோது, பதிவேட்டில் இருக்கிற பேர்களில் ஒன்பதுக்குக் குரலே வரவில்லை. அவள் சண்டை போடவில்லை. விலாசத்தை வாங்கிக்கொண்டு போனாள். ஒன்பதில் ஐந்து பேரைக் கொண்டுவந்தாள். ஒருத்தன் மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தான்.

பிறகு முழங்கால் அவளை நிற்க விடவில்லை. வண்டியை விற்றுவிட்டு, மகனோடு விழுப்புரம் பக்கம் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். சொல்லிக்கொண்டு போகக்கூட இல்லை.

என் மகள் ஐந்தாவது படிக்கிறபோது ஜூனிலிருந்து ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. முழு வருகைக்குக் குடியரசு தினத்தில் மேடையில் கூப்பிட்டுப் பரிசு தருவார்கள். அதற்கு ஐந்து நாள் இருக்கும்போது காய்ச்சல் வந்துவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. படுத்தபடியே, "டீச்சர்கிட்ட சொல்லும்மா, ஒரே நாள்தானம்மா" என்று அழுதாள். அதைக் கேட்கத்தான் போனேன். பொய்யில்லை, கெஞ்சத்தான் போனேன். அன்றைக்குப் பக்கத்தில் நிற்கிற முறையும் என்னுடையது.

மகள் பேரைக் கூப்பிட்டார்கள். குரல் இல்லை. டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "காய்ச்சல்னு பசங்க சொன்னாங்கம்மா. நல்லா படிக்கிற பொண்ணு. நான் வந்ததா போட்டுடறேன், வுடுங்க" என்றார். நான் வாயைத் திறக்க வேண்டிய வேலைகூட இல்லை.

"வரல டீச்சர். வரலன்னே போடுங்க."

என் குரல்தான் அது. எனக்கே தூக்கிவாரிப்போட்டது. டீச்சர் பேனாவைப் பிடித்தபடி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கஞ்சி குடிக்கவில்லை. சாயங்காலம் நெற்றியில் திருநீறு வைக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டு, "நீ யாரு பக்கம்மா?" என்று கேட்டாள்.

"உன் பக்கம்தான்டி" என்றேன்.

அவள் நம்பவில்லை.